வளைவில் ஹார்ன் அடிக்கவும்

பூங்காவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, அடுத்து எந்த இருட்டுச் சவாரியைப் போடலாம் என்று என்னிடம் யோசனை கேட்டிருக்கிறீர்கள். சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். இந்த நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ஒரு குடும்பம் வண்டியில் ஏறி, இருட்டுக்குள் போய், சிரித்துக்கொண்டே வெளியே வந்திருக்கிறது என்றால், அந்த வண்டியில் என் கை படாத ஆணி கிடையாது. தமிழ்ப்பள்ளியைப் பாதியில் விட்டவன் நான். இருந்தாலும் இந்தப் பூங்காவில் ஏதாவது நின்றுபோனால், பெரிய ஆபீசிலிருந்து கக்கூஸ் கழுவுகிறவர் வரைக்கும் "மாணிக்கத்தைக் கூப்பிடு" என்றுதான் சொன்னார்கள். ஓய்வு பெற்ற பிறகும் சொல்கிறார்கள். இதோ நீங்களும் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

நிலாவுக்குப் போகிற சவாரி, கடலுக்கு அடியில் போகிற சவாரி, டைனோசர் காடு என்று நீங்கள் யோசித்து வைத்திருப்பதைக் கேட்டேன். நிலா நல்லது. கடலும் நல்லது. டைனோசரில்தான் எனக்குச் சந்தேகம். நம் எஸ்டேட் ஜனங்கள் காட்டுப்பன்றியின் கால்தடத்தைப் பார்த்தாலே மிளகு அரைக்கக் கிளம்புகிறவர்கள். டைனோசரைக் காட்டினால், எந்தப் பக்கத்துக் கறி மெதுவாக வேகும் என்று பேசிக்கொண்டே வெளியே வருவார்கள். பயமும் இருக்காது, அதிசயமும் இருக்காது. பசிதான் மிஞ்சும்.

எதைப் போட்டாலும் போடுங்கள். அதற்கு முன்னால் ‘எஸ்டேட் விடியல்’ சவாரியில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வயதான சீனர். ஊர் ஊராகப் போகிற ஃபன்ஃபேரில் பேய் வீட்டு வண்டிகளுக்கு ஃபோர்மேன். பெயரைக் கேட்டால் முறைப்பார். எல்லோருக்கும் அவர் அங்கிள்தான். வண்டிகள் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஸ்டூல் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். தூங்குகிறார் என்று நினைத்து ஒருநாள் நானும் பக்கத்தில் சாய்ந்து கண்ணை மூடினேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது.

"நான் தூங்கலே, வேலை செய்றேன்" என்றார். "உள்ள போன ஆளு கண்ணுக்குத் தெரியாது. காது வெச்சிப் பாரு. கத்து மேல போயி சிரிப்பா விழுந்தா நல்லது. கத்து பாதியிலே நின்னா, ஓடு!"

இருட்டுச் சவாரித் தொழில் மொத்தமும் இவ்வளவுதான். மற்றதெல்லாம் கிரீஸ்.

நம் பூங்காவிலும் முன்பு பேய் வீடு இருந்தது உங்களுக்குத் தெரியாது. அதற்குக் கூட்டம் குறைந்துவிட்டது. பிள்ளைகள் உள்ளே போகும்போதே அழும். வெளியே வந்ததும் அம்மாக்கள் நம்மைத் திட்டுவார்கள். அப்பாக்கள் மட்டும்தான் இன்னொரு தரம் போக ஆசைப்படுவார்கள், அதுவும் தனியாக. நம் தவுக்கே, அதாவது பூங்கா முதலாளி, அந்தக் கொட்டகையை டுரியான் பழம் வைக்கும் குளிர் அறையாக மாற்றப் போவதாகச் சொன்னார். அவர் சீனர் என்றாலும் எஸ்டேட் கடைக்காரர் மகன். நம்மை விடச் சத்தமாகத் தமிழ் பேசுவார்.

"தவுக்கே, கொட்டகைய என் கையில குடுங்க. குடும்பமே சேந்து ஏர்ற சவாரியா மாத்திக் காட்டுறேன்" என்றேன்.

"காட்டு. ஆனா பாதுகாப்பு ஆபீசர் வந்து பாத்து சரின்னு சொல்லணும். சொல்லலேன்னா அன்னிக்கே டுரியான் வரும். உன் ஆளுங்கள்லாம் வீட்டுக்குப் போவணும்."

என் ஆளுங்கள் என்றால் முக்கியமாக லெட்சுமி. ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். எஸ்டேட்டை வீடமைப்புக்கு விற்றபோது முழங்கால் போன நிலையில் என்னிடம் வந்தார். உட்கார்ந்தபடியே ஆட்களை வண்டியில் ஏற்றி, கம்பியை இறக்கிப் பூட்டி, பொத்தானை அமுக்கி அனுப்புகிற வேலை அவருக்கு. அப்படி உட்கார்ந்து பார்க்கிற வேலை அந்தப் பூங்காவிலேயே வேறு கிடையாது. கொட்டகை போனால் அவருக்கு வேலை போச்சு.

எஸ்டேட் விடியல் சவாரியை நான்தான் யோசித்தேன். நம் ஜனங்கள் இருட்டில் எழுந்து வேலைக்குப் போனவர்கள்தானே, அந்த இருட்டையே காட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. ரப்பர் பால் வாளி மாதிரி செய்த வண்டியில் நாலு பேர் உட்காரலாம். முதலில் பெரட்டுக் களம், விடியுமுன் ஆட்கள் வரிசையில் நிற்கிற இடம். மண்டோர், அதாவது கங்காணி, பெயர் கூப்பிடுவார். பிறகு ரப்பர் மரங்கள், தலைவிளக்குகள், ஒரு நாய், குட்டிகளோடு ஒரு பன்றி, ரப்பர் ஷீட் காய வைக்கிற புகைக்கூண்டு. கடைசி வளைவு திரும்பினால் சூரியன். இன்ஜினியர் கிரிஜா வரைபடம் போட்டுக் கொடுத்தார். டவுன் பக்கம் தெமியாங்கில் வளர்ந்த பிள்ளை, பரம்பரையாக ஆபீஸ் உத்தியோகக் குடும்பம், ஆனால் கையில் எண்ணெய் படக் கூச்சப்படாதவர். நல்ல வரைபடம். அதை நல்ல சவாரியாக ஆக்கியவன் நான்.

ஒரே ஒரு குறை. கடைசி வளைவில் கூரையைத் தாங்குகிற இரும்புத் தூண் ஒன்று அசிங்கமாக நின்றது. அதை மறைக்க வேண்டும். பழைய பேய் வீட்டில் ஃபைபர் கண்ணாடியில் செய்த பெரிய அரக்கன் ஒன்று சும்மா கிடந்தது. நான் அதன் கோரைப்பற்களை அரத்தால் ராவி எடுத்தேன். பெரிய மீசை ஒட்டினேன். தலைப்பாகை கட்டினேன். முட்டைக்கண்ணை மட்டும் விட்டுவிட்டேன், நன்றாக இருந்தது. கையில் ஒரு தடியைக் கொடுத்து, தூணுக்கு முன்னால் நிறுத்தி, பின்னால் ஒரு பிளாஸ்டிக் மரத்தையும் வைத்தேன். ஜாகா, அதாவது எஸ்டேட் காவல்காரர், விடியக் காலையில் நிற்கிறார். அதுதான் என் எண்ணம்.

சோதனை ஓட்டத்துக்கு மம்பாவ், லிங்கிப் பக்கத்துக் குடும்பங்களைக் கூப்பிட்டோம். முதல் நாள் நான் வாசலில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். பெரட்டில் சிரிப்பு. பன்றிக்குக் கைதட்டு. புகைக்கூண்டில் இருமல், அதற்கும் சிரிப்பு. கடைசி வளைவில் ஒன்றுமே கேட்கவில்லை. வண்டிக்கு வண்டி அதே இடத்தில் சத்தம் அறுந்து போயிற்று.

ஓடினேன்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஜாகாவின் காலடியில் எலுமிச்சம்பழங்கள் இருந்தன. ஒரு சுருட்டும் இருந்தது.

யோசித்துப் பாருங்கள். மீசை, முட்டைக்கண், கையில் தடி, வளைவு, மரம். எஸ்டேட்டில் பிறந்த எவருக்கும் அது முனீஸ்வரர்தான். காவல்காரர் என்று நான் நினைத்ததும் தப்பில்லை. அவரும் காவலுக்குத்தானே நிற்கிறார். ஆனால் எந்தக் காவல்காரருக்காகவும் ஜனங்கள் ஓடுகிற வண்டியிலிருந்து இறங்க மாட்டார்கள். இவருக்காக இறங்கினார்கள். இருட்டில், தண்டவாளத்தில், பின்னால் அடுத்த வண்டி வந்துகொண்டிருக்கும்போது. பூட்டிய கம்பிக்கு அடியில் வழுக்கிக்கொண்டு இறங்கினார்கள். வீட்டில் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கைகொடுக்கச் சொல்கிற பெரியவர்களெல்லாம் இறங்கினார்கள். அடுத்த நாள் ஒரு அம்மா கற்பூரத்தை எடுத்தார். ஃபைபர் கண்ணாடி, பிளாஸ்டிக் மரம், அதற்கு நடுவில் கற்பூரம்! கிரிஜா பாய்ந்து போய்ப் பிடுங்கியிருக்காவிட்டால் அன்றைக்கு உண்மையாகவே புகைக்கூண்டுதான்.

தவுக்கே வந்து பார்த்தார்.

"ஏய் மாணிக்கம், நீ ஜாகா செய்றேன்னு சொன்னே. சாமி செஞ்சி வெச்சிருக்கே!"

"நான் ஜாகாதான் செஞ்சேன் தவுக்கே. இவங்கதான்..."

"கழட்டிப் போடு."

"சரி தவுக்கே. நீங்க ஒரு கை புடிங்க."

தவுக்கே சிலையைப் பார்த்தார். சிலை தவுக்கேயைப் பார்த்தது. "எனக்கு இடுப்பு வலி" என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் அவருடைய டிரைவர் இரண்டு ஆரஞ்சுப் பழங்களைக் கொண்டுவந்து காலடியில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே திரும்பிப் போனார்.

என் ஆட்கள் எல்லோரும் தொட மாட்டோம் என்றார்கள். வெளியிலிருந்து கூப்பிட்ட காண்ட்ராக்டர், மரம் வேண்டுமானால் எடுக்கிறேன், அவரை எடுக்க மாட்டேன் என்றார். "நீங்க ஒருத்தரும் சரியில்ல, நானே கழட்டுறேன்" என்று கிரிஜா ஸ்பேனரோடு உள்ளே போனார். ரொம்ப நேரம் கழித்து வந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"போல்ட் துரு புடிச்சிருக்கு அங்கிள். வரமாட்டேங்குது."

அது நான் புதிதாகப் போட்ட போல்ட். பிள்ளையின் நெற்றியில் திருநீறு இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. என்னையும் அவர், நீங்களே ஏன் கழட்டக்கூடாது என்று கேட்கவில்லை. பெருந்தன்மையான பிள்ளை.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. கொஞ்சம் அதிகமாகவே செய்துவிட்டது. ‘இறங்காதீர்கள்’ என்று போர்டு வைத்துப் பார்த்தாயிற்று, இருட்டில் யார் படிப்பது? ஜனங்கள் ஏறும்போதே லெட்சுமி கத்திப் பார்த்தாயிற்று, "சரி சரி" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய் இறங்கினார்கள். அதனால் என் குரலையே பதிவு செய்து சிலைக்குப் பின்னால் ஸ்பீக்கர் வைத்தேன். வண்டி வளைவுக்கு வந்ததும், கனமான குரலில், "எறங்காதே! அப்படியே உக்காரு!"

என் குரல் எப்படிப்பட்ட குரல் என்று உங்களுக்குத் தெரியும்.

சாமி பேசிவிட்டது என்று வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் இறங்கிக் காலில் விழுந்தார்கள். அடுத்த வண்டிக்காரர்கள் அவர்களைப் பார்த்து இறங்கினார்கள். லெட்சுமி சிவப்புப் பொத்தானை அமுக்கி எல்லா வண்டிகளையும் நிறுத்தினார். உள்ளே போய் விளக்கைப் போட்டால், ஒரு பெரியவர் சிலையிடம் மகளின் கல்யாணம் எப்போது நடக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கும் என் குரல், "எறங்காதே! அப்படியே உக்காரு!" என்றது. அவர் என்னிடம் திரும்பி, "மாப்பிள்ளை வீட்டுக்கு நாமளா எறங்கிப் போவக் கூடாதுன்னு சொல்லிட்டாரு, பாத்தீங்களா?" என்றார்.

ஸ்பீக்கரை நானே கழற்றினேன். அதற்கு மட்டும் ஆள் தேவைப்படவில்லை.

மறுநாள் காலையில் ஆபீசர் வருவார். வண்டிகளில் குடும்பங்களை ஏற்றி, அவரும் கூடவே ஏறிப் பார்ப்பார். ஒரு ஆள் இறங்கினாலும் கொட்டகைக்குப் பூட்டுதான். லெட்சுமி தன் தண்ணீர்ப் போத்தலையும், நாற்காலியில் போட்டிருந்த மெத்தையையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு லெட்சுமி இப்பவே?"

"நாளைக்கு டுரியான் மேலயா உக்கார முடியும் அண்ணே?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். லிங்கிச் சாலையில் எஸ்டேட் முச்சந்தி வரும், அங்கே ஆலமரத்தடியில் முனீஸ்வரர் கோயில். மனசு பூராவும் கொட்டகைதான். இருந்தாலும் அந்த வளைவில் என் கட்டைவிரல் தானாகப் போய் ஹார்னை இரண்டு தரம் அடித்தது. எனக்கு முன்னால் போன செம்பனைக் குலை லாரியும் அடித்தது. பின்னால் வந்த வேனும் அடித்தது.

மோட்டாரை ஓரம் கட்டினேன். இத்தனை வருஷமாக இந்த வழியில் போகிறேன். ஒரு தரமாவது இறங்கியிருக்கிறேனா? இல்லை. எந்த லாரிக்காரராவது இறங்குகிறாரா? இல்லை. நடந்து போகிறவர்தான் நின்று கும்பிடுவார். வண்டியில் போகிறவர் ஹார்ன் அடித்தால் போதும், சாமி ஏற்றுக்கொள்ளும். நம் கொட்டகையில் ஜனங்கள் ஏன் இறங்குகிறார்கள்? பக்தி கூடிப்போயா? இல்லை. நான் கொடுத்த வண்டியில் ஹார்ன் இல்லை. அவ்வளவுதான்!

திரும்பிப் போய்க் கிரிஜாவிடம் சொன்னேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "வயர் இழுக்க நேரமில்ல அங்கிள். ரொட்டிக்காரர் மோட்டார்ல ரப்பர் உருண்டை வெச்ச ஹார்ன் இருக்கும்ல? அமுக்கினா பாம் பாம்னு கத்தும். அதுக்கு கரண்டே வேணாம்" என்றார். அது அவருடைய யோசனைதான், நான் மறைக்கவில்லை. தெமியாங்கில் தெரிந்த சைக்கிள் கடையில் இருந்ததையெல்லாம் கடை மூடுவதற்குள் வாங்கிவந்து, ராத்திரியே ஒவ்வொரு வண்டியிலும் திருகிவிட்டோம்.

‘ஹார்ன் அடிக்கவும்’ என்று எழுதி ஒட்டலாம் என்றார் கிரிஜா. வேண்டாம் என்றேன். எழுதி ஒட்டினால் ஆபீசர் எதற்கு என்று கேட்பார். எழுதாமல் விட்டால் நம் ஜனங்கள் எதற்கு என்று கேட்க மாட்டார்கள்.

மறுநாள் ஆபீசர் வந்தார். சின்ன வயது மலாய்க்காரர், சிரிப்பே இல்லாத முகம். வண்டிகளில் ஏற வந்தவர்களில் முன்னால் நின்றவரை எனக்குத் தெரியும். குலை லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், சோதனை ஓட்டத்தில் ஒவ்வொரு தரமும் இறங்கியவர். சட்டைப் பையில் சுருட்டும் தீப்பெட்டியும் துருத்திக்கொண்டிருந்தன. லெட்சுமியும் பார்த்துவிட்டார்.

"அண்ணே, அந்தத் தீப்பெட்டிய இப்படிக் குடுங்க."

"எதுக்கு?"

"உள்ள போயி சுருட்டு பத்த வைப்பீங்க."

"நான் பத்த வைக்காம உங்க ஆபீசரா வந்து பத்த வைப்பாரு?"

"வெளிய வந்ததும் தந்துர்றேன்லா, குடுங்க."

"சாமி கேட்டா நான் என்னா சொல்றது?"

"டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாராம்னு சொல்லுங்க."

பெரியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கொடுத்தார். ஏறினார். அடுத்த வண்டியில் ஒரு சீனக் குடும்பம். அதற்கடுத்து ஆபீசர். லெட்சுமி கம்பிகளைப் பூட்டிப் பொத்தானை அமுக்கினார். நான் வாசலில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். கிரிஜா பக்கத்தில் வந்து நின்றது தெரிந்தது. தவுக்கேயின் செருப்புச் சத்தமும் கேட்டது.

பெரட்டில் சிரிப்பு. பன்றிக்குக் கைதட்டு. இருமல், சிரிப்பு. பிறகு சத்தம் அறுந்தது.

யாராவது வழுக்கி இறங்கிக் கம்பி கிறீச்சிட்டால் முடிந்தது கதை. நான் அந்தக் கிறீச்சுக்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

பாம். பாம்.

லெட்சுமி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அடுத்த வண்டி. ஒரு சின்னப் பிள்ளை போலிருக்கிறது, பாம் பாம் பாம் பாம் என்று நிறுத்தவே இல்லை. வீட்டார் சிரிப்பு மேலே மேலே போயிற்று. பிறகு ஆபீசர் வண்டி. ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. அதன்பின், ரொம்ப மரியாதையாக, ஒரே ஒரு பாம்.

கண்ணைத் திறந்தேன். எல்லா வண்டிகளும் வந்தன. ஏறியவர்கள் ஏறிய இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். லாரிக்காரப் பெரியவர் இறங்கி, லெட்சுமியிடம் கையை நீட்டித் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டார். "இப்பதான் இது வண்டி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆபீசர் என்னிடம் வந்தார். மலாயில்தான் பேசினோம்: அவருக்கு நான் பக்சிக், மாமா மாதிரி; எனக்கு அவர் துவான், ஐயா.

"அந்த இடத்தில் எதற்கு ஹார்ன், பக்சிக்?"

நான் தயங்கவில்லை. "வளைவு, துவான். எதிரே வண்டி வந்தால்?"

"ஒரே தண்டவாளம். எல்லா வண்டியும் ஒரே பக்கம்தான் போகிறது. எதிரே எப்படி வரும்?"

தவுக்கே கூரையைப் பார்த்தார். கிரிஜா தரையைப் பார்த்தார். நான் பக்கத்து வண்டியின் ஹார்னைத் துணியால் துடைக்க ஆரம்பித்தேன்.

ஆபீசரே பேசினார். "என் ஊர் லிங்கி. அப்பா டாக்சி ஓட்டினார். எஸ்டேட் முச்சந்தியில் எல்லா லாரியும் ஹார்ன் அடிக்கும். அப்பாவும் அடிப்பார். ஏன் என்று கேட்டால், இத்தனை பேர் அடிக்கிறார்கள் என்றால் வளைவு மோசமாகத்தான் இருக்கும் என்பார். அப்பாவுக்கு ஒரு விபத்து கூட நடந்ததில்லை." பேனாவை எடுத்தார். "சவாரி ஓடலாம். ஆனால் ஒவ்வொரு வண்டியிலும் ஹார்ன் வேலை செய்ய வேண்டும். தினமும் காலையில் அடித்துப் பார்க்க வேண்டும். வேலை செய்யாத வண்டியை விடக்கூடாது. வளைவில் ஒரு போர்டும் வையுங்கள்."

நீங்கள் பார்க்கிற அந்தப் போர்டு அப்படி வந்ததுதான். ஒரே பக்கம் ஓடுகிற தண்டவாளத்தில் எதற்கு இந்த விதி என்று உங்களில் சிலர் சிரிப்பதாகக் கேள்விப்பட்டேன். சிரியுங்கள். ஆனால் ஹார்னைக் கழற்றாதீர்கள். லெட்சுமி தினமும் காலையில் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் மெத்தையில் உட்காருவார். தவுக்கே டுரியானை வேறெங்கோ வைத்துக்கொண்டார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், கேன்வாஸ் மூடிய லாரியில் மழைக்குள் போகிற சவாரியைப் போடுங்கள். தலைக்கு மேல் மழைச் சத்தம், கேன்வாஸ் ஓட்டை வழியாக ரயில்வே கேட், பாசார் கடைகளின் வெளிச்சம், கடைசியில் கேன்வாஸைத் தூக்கினால் போர்ட்டிக்சன் கடல். அது பிடிக்காவிட்டால் கல்யாண மண்டபத்தில் கரண்ட் போகிற சவாரி. எல்லோர் முன்னாலும் இலை, இருட்டு, உங்கள் வடையை எடுத்தது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். குடும்பம் சேர்ந்து சிரிக்க அதைவிட என்ன வேண்டும்? நிலாவுக்குப் போவதென்றாலும் போங்கள். ஆனால் வரைபடத்தை விரிப்பதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த இடத்துக்கு வந்ததும் நம் ஜனங்களின் கை என்ன செய்யும்? அந்தக் கைக்கு ஒரு வேலை கொடுத்து வையுங்கள். கொடுக்காவிட்டால் கை தானே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும், காலும் கூடவே இறங்கும்.

நான் ஓய்வு பெற்ற அன்று லெட்சுமி என்னை வண்டியில் உட்கார வைத்து, கம்பியைப் பூட்டி, ஒரு சுற்று அனுப்பினார். இத்தனை நாளும் வாசலிலேயே இருந்தவன், அன்றுதான் ஜனங்களைப் போல உள்ளே போனேன். பெரட்டில் சிரித்தேன். பன்றிக்குக் கைதட்டினேன். வளைவு வந்தது. அந்தப் பல்லை ராவியவன் நான். மீசை ஒட்டிய பசை என்ன பசை என்று எனக்குத் தெரியும். தலைப்பாகைக்குள்ளே அரக்கனின் கொம்பு இன்னும் இருக்கிறது, அதுவும் எனக்குத் தெரியும்.

இரண்டு தரம் அடித்தேன். இறங்கலாமா என்று கால் கேட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதான்.